கம்பளம் போர்த்திய மலை

“இதுல எது பெருசு?” என்று கேட்டார் சேற்றுவெள்ளத் தடுப்பு அலுவலகத்தின் இயக்குநர் கல்மூரத்.

மேசைமேல் மூன்று கருவிகள் இருந்தன. அவற்றோடு இளவேனில் முழுக்க மல்லுக்கட்டியிருந்த பொறியாளர் புருல், பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனாலும் ‘பைக்கே’ என்று அண்ணன் முறை வைத்தே பதில் சொன்னாள்.

“பெருசு வேணாம் பைக்கே. சரியானது வேணும்.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

பெரியது லேசர் கருவி. மஞ்சள் முக்காலியில் ஏறி, தளபதிபோல நின்றுகொண்டிருந்தது. மணலில் ஒரு தலைமுடி கிடந்தால்கூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் ஒருமுறை சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் ஒரு கெண்டி தேநீர் தீர்ந்துவிடும். அதற்கு நிறமும் தெரியாது. சின்னது, ஏதோ வீடியோ விளையாட்டுப் பெட்டியோடு விற்ற பழைய கேமரா. மலையை மலை என்று ஒப்புக்கொள்ளும், விரல் அகல ஓடையைக் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லையே என்று கைவிரித்துவிடும். மூன்றாவது, சோப்புப் பெட்டி அளவுதான். ஒளியை அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் பார்க்கும். பக்கத்திலேயே நிறம் பார்க்க இன்னொரு கண்.

“இதுதான் வேணும். ஜன்னல் வெயில் படக்கூடாது, திரை போட்டுடலாம். சூடேற அரைமணி ஆகும். அதுவரைக்கும் கொஞ்சம் பொய் சொல்லும், அப்புறம் உண்மைதான் சொல்லும்.”

சூடேறிய பிறகும் பொய் சொல்கிறவர்களோடு காலம் தள்ளியவர் என்பதால் கல்மூரத்துக்கு இது குறையாகப் படவில்லை. அளவுதான் உறுத்தியது.

“இத்துனூண்டு இருக்கே. பிஷ்கெக்லேர்ந்து துணை அமைச்சர் வர்றார். இதைப் படம் எடுத்தா என்னன்னு தெரியும்? ஏதோ புகை வந்தா கத்துற டப்பான்னு நினைப்பாங்க.”

புருல் வாயைத் திறப்பதற்குள் ரினாத் முந்திக்கொண்டான். கணினி வேலை முழுக்க அவன் கையில்தான். தாத்தார் இனத்தவன், நாக்கில் சுருக்கு வைத்திருப்பவன், புருலை அக்கா முறையில் ‘எஜே’ என்று கூப்பிடுகிறவன்.

“பைக்கே, சுவிட்சர்லாந்துல இதைத்தான் வச்சிருக்காங்க.”

கல்மூரத் சோப்புப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தார். “நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்,” என்றார்.

அவர் போனதும் புருல் கேட்டாள்: “நிஜமாவா?”

“யாருக்குத் தெரியும் எஜே? அவருக்கும் தெரியாதுல்ல, அது போதும்.”

இப்படித்தான் கருவி தேர்வானது. புருலின் கோபம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. சரியான பதிலுக்குக்கூடப் பொய்ச் சாட்சி தேவைப்படுகிற இடத்தில் அவள் வேலை பார்த்தாள்.

அந்தக் கருவி அளக்கப்போகும் மணல் மலை அவளுக்கு விளையாட்டில்லை. சேத்-புலாக் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பெரிய மேசையில், எண்ணெய் பிசைந்த மணலில் கிடந்தது. கருவி மேலே தொங்கியபடி மேட்டையும் பள்ளத்தையும் அளக்கும். கணினி அந்த மலையில் சேற்றை ஓடவிடும். ஓடுகிற சேறு, ப்ரொஜெக்டர் வழியாக மணல்மேலேயே பழுப்பு வெளிச்சமாக விழும். மணலைக் கையால் ஒதுக்கினால் சேறு வழி மாறும். சிவப்புக் கம்பளித் துண்டு ஒன்றை எங்கே வைக்கிறோமோ, அங்கே ஒரு தடுப்புச் சுவர் எழுந்துவிட்டதாகக் கருவி எடுத்துக்கொள்ளும். மங்கிய விளக்கிலும் பளிச்சென்று தெரியும் என்பதால் சிவப்பைத் தேர்ந்தவள் புருலேதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வரைபடத்தை நம்பி வழவழவென்று செய்திருந்த மணல் சரிவில், ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே விரலால் ஓர் ஓடையைக் கீறிவிட்டுப் போனார்கள். டெக்கே-சாய். ஆட்டுக்கிடா தாண்டிவிடும் அளவு ஓடைதான். போன மே மாதம் அதன் வழியாக இறங்கிய சேறு பள்ளிக்கூடத்தின் கடைசிப் படியில் வந்து நின்றது. இன்னும் ஒரு படி ஏறியிருந்தால் வகுப்பறை. அந்த வகுப்பறையில் கணக்கு வாத்தியார் புருலின் தங்கை ஜிபர்.

இந்த வருடம் ஒரே ஒரு சுவருக்குத்தான் அரசு பணம் தரும். எந்தப் பள்ளத்தாக்கு என்று துணை அமைச்சர் வந்து பார்த்து முடிவு சொல்வார். அதற்காகத்தான் இவ்வளவும்.

“மணலா?” என்றார் கல்மூரத், வருகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது. “அமைச்சர் முன்னாடி மணலைக் கொட்டி வச்சுக்கிட்டு, நாம என்ன வீடு கட்டி விளையாடுறோமா?”

“மணல்தான் பைக்கே மலை. அதைக் கையால மாத்தலாம்.”

“அமைச்சர் ஏன் கையை அழுக்காக்கிக்கணும்? நமக்குன்னு ஒரு தேசியப் பெருமை இருக்கு. மேலே கம்பளம் போர்த்தப் போறேன். ஷிர்தாக். பெண்கள் சங்கத்துல சொல்லியாச்சு.”

புருல் முதலில் இதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“பைக்கே, ஷிர்தாக் விரல் கனம் இருக்கும். ஓடையே விரல் ஆழம்தான். கருவிக்கு மேல்தோல்தான் தெரியும். போர்த்திட்டா அங்க ஓடையே இருக்காது.”

“ஓடை எங்க போயிடும்? அடியில பத்திரமா இருக்கும்.”

“கருவிக்குத் தெரியாதே!”

“சுவிட்சர்லாந்துக் கருவிக்குத் தெரியாதா?”

ரினாத் திரும்பி நின்று ஜன்னலைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. புருலுக்கு அந்தத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

கம்பளம் வந்தது. அதில்தான் கொடுமை: அது அழகாக இருந்தது. பச்சைக் கம்பளியில் சிவப்புக் கம்பளி இழைத்து, ஆட்டுக்கிடாக் கொம்புகள் பள்ளத்தாக்கு முழுக்கச் சுருண்டு சுருண்டு கிடந்தன. மணலின் ஏற்ற இறக்கம் பார்த்து வெட்டித் தைத்து, ஓரத்தில் ஆணி அடித்திருந்தார்கள். வீடுகளுக்கு வெள்ளைச் சதுரங்கள். மேல்கரையில் கட்டிக்கொண்டிருக்கும் வெந்நீர் ஊற்று விடுதிக்கு மட்டும் தங்க நூல், அது துணை அமைச்சரின் மச்சான் கட்டுவது என்று கல்மூரத் சங்கத்துப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு இடம் கிடைக்கவில்லை. சரியாக அந்த இடத்தில் ஒரு கொம்பின் நுனி வந்துவிட்டது. மணலில் பள்ளிக்கூடமாக நின்ற மரக்கட்டையைப் புருல் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலை கருவியைச் சூடேற்றி ஓட்டிப் பார்த்தார்கள். பழுப்பு வெளிச்சம் மலையுச்சியில் கிளம்பியது. முதல் கொம்பில் முட்டியது, நின்றது. கொஞ்சம் வழிந்து அடுத்த கொம்பில் முட்டியது, அங்கேயும் நின்றது. பள்ளத்தாக்கு நெடுக, சிவப்பு இருந்த இடமெல்லாம் சுவர். உலகத்திலேயே வலுவாகக் காவல் காக்கப்பட்ட கிராமம் சேத்-புலாக்தான் என்றது கணினி.

ரினாத் நாற்காலியில் சரிந்து சிரித்தான். “எஜே, கொம்பு வடிவத்துல சுவர்! நம்ம ஆளுங்களைத் தவிர யாருக்கு வரும் இது?”

“சிரிக்காத. நிறக்கண்ணை அணைச்சுடு.”

“அணைச்சாலும் ஓடை வராதே. அது கம்பளத்துக்குக் கீழ தூங்குது.”

அவன் சொன்னது உண்மை. ஒரு கண், இல்லாத சுவரைப் பார்த்தது. இன்னொரு கண், இருக்கிற ஓடையைப் பார்க்கவில்லை. இரண்டும் சேர்ந்து, மிகத் துல்லியமாகப் பொய் சொல்லின. அவள் தேர்ந்தெடுத்த கருவி, அவள் தேர்ந்தெடுத்த சிவப்பு.

கல்மூரத் உள்ளே வந்து மலையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“ஊர் பத்திரமா இருக்கே!”

“இல்லை பைக்கே. கொம்பைச் சுவர்னு நினைச்சுக்குது.”

“அப்படியே இருக்கட்டும். ‘நம்ம அலுவலகத்தோட முயற்சியால சேத்-புலாக் பத்திரமா இருக்கு.’ இதைவிட நல்ல செய்தி எது?”

“பத்திரம்னு காட்டினா பணம் வேற இடத்துக்குப் போயிடும்! சேறு வரும்!”

“சேறு மே மாசம் வரும். அமைச்சர் வெள்ளிக்கிழமை வர்றார்,” என்றார் கல்மூரத், குழந்தைக்குச் சொல்வதுபோல. போகிற போக்கில் ப்ரொஜெக்டரைப் பார்த்து, “அது ஏன் கண் சிமிட்டிட்டே இருக்கு? அபசகுனமா இருக்கு, நிறுத்து.”

நிறம் பார்க்கும் நொடியில் ப்ரொஜெக்டர் இருண்டுதான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் அதன் வெளிச்சத்தையே நிலத்தின் நிறம் என்று கருவி எண்ணிவிடும். புருல் இதை விளக்கவில்லை. வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று பயந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஜிபர் அழைத்தாள்.

“என்ன எஜே, பொம்மை மலை ரெடியா?”

“ரெடி. கம்பளம் போட்டுப் படுக்க வச்சிருக்காங்க.”

“நல்லதுதான். சேறு வந்தா நாங்களும் அதுல ஏறிப் படுத்துக்கறோம்.”

“வாயை மூடுடி.”

“நான் மூடிக்குவேன். ஓடை மூடிக்குமா?”

வெள்ளிக்கிழமை துணை அமைச்சர் ஜிர்கல்பெக் சபரோவிச் வந்தார். வாசலில் ரொட்டி, பாலாடை. கூடத்தில் இரண்டு உரைகள். ஒன்று கல்மூரத் அவரைப் புகழ்ந்தது, மற்றது அவர் கல்மூரத்தின் வரவேற்பைப் புகழ்ந்தது. மணல் மலை இருந்த அறையில் திரைகள் மூடி, விளக்குகள் எரிந்து, அடுப்படிபோல வெக்கையாக இருந்தது. அதற்குள் வைத்து அவருக்கு வெல்வெட் சப்பான் அங்கி போர்த்தினார்கள். பிறகு புதிய வெள்ளைக் கல்பாக் தொப்பி.

சிக்கல் அங்கேதான் வந்தது. அவர் ஏற்கெனவே ஒரு கல்பாக் அணிந்து வந்திருந்தார். புதியது ஏற வேண்டுமானால் பழையது இறங்க வேண்டும். இறங்கிய கல்பாக்கை எங்கே வைப்பது? தரையில் வைக்கக்கூடாது. நாற்காலியில் வைத்தால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள், அதைவிடப் பெரிய அவமானம் ஆணுக்கு இல்லை. ஓர் அமைச்சரின் கல்பாக், அறையிலேயே உயர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். கல்மூரத் அதை இரண்டு கையாலும் ஏந்தி, சுற்றுமுற்றும் பார்த்து, அறையிலேயே உயர்ந்த இடத்தில் பயபக்தியோடு வைத்தார். சேத்-புலாக்கின் உச்சிச் சிகரத்தில்.

ப்ரொஜெக்டர் ஒருமுறை சிமிட்டியது. கருவி புதிய மலையைக் கண்டுகொண்டது. ஒரு சாண் உயரத்தில், வெள்ளையாக, குஞ்சத்தோடு ஒரு சிகரம். உச்சியிலிருந்து இறங்கிய சேறு அதில் மோதித் திரும்பியது. கொம்பே இல்லாத மேல்கரை வழியாகப் பாய்ந்து, தங்க நூலின்மேல் ஏறி, அங்கேயே தேங்கி நின்றது.

துணை அமைச்சர் குனிந்தார்.

“இது எந்த இடம்?”

தங்க நூலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது என் மச்சானோட விடுதியில்ல?”

“பத்திரமாத்தான்…” என்று தொடங்கினார் கல்மூரத்.

“பத்திரமா? மூழ்கிக்கிட்டு இருக்கு! குளிக்கிற குளத்துல சேறு நிக்குது! இதுக்கு ஏன் இன்னும் சுவர் கட்டல? என்ன பண்ணிட்டு இருக்கீங்க எல்லாரும்?”

“உடனே கட்டிடலாம் ஜிர்கல்பெக் சபரோவிச். இந்த வருஷச் சுவரே அதுக்குத்தான். அதைத்தான் எடுத்துச் சொல்லலாம்னு உங்களை வரவழைச்சோம்.”

புருல் இதைக் கேட்டாள். ஒரு வருடச் சுவர், ஒரு தொப்பிக்குப் பயந்து, காலியான விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் காது இரண்டும் சூடேறின. அதற்குப்பின் அவள் யோசித்ததாக அவளுக்கே நினைவில்லை.

முதலில் கல்பாக்கை எடுத்தாள். அதை மட்டும் முறையாக, இரண்டு கையாலும் எடுத்து, கல்மூரத்தின் கையில் கொடுத்தாள். “பிடிங்க பைக்கே. கீழ வைக்காதீங்க.” பிறகு கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். ஆணிகள் டப் டப்பென்று தெறித்தன. பச்சையும் சிவப்புமாகப் பள்ளத்தாக்கு முழுவதும் சுருண்டு தரையில் விழுந்தது.

“புருல்!” கல்மூரத் கத்தினார். கல்பாக்கை ஏந்தியிருந்ததால் அவரால் கையை ஓங்க முடியவில்லை. “அது தேசியச் சின்னம்! மிதிக்காதே!”

“நான் மிதிக்கல. நீங்கதான் நிக்கிறீங்க.”

அவர் துள்ளி விலகினார். ரினாத் விசையைத் தட்டினான். ப்ரொஜெக்டர் சிமிட்டியது. பழுப்பு வெளிச்சம் வெறும் மணலில் இறங்கியது. விடுதிப் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலால் கீறிய டெக்கே-சாய்க்குள் புகுந்து, வேகம் பிடித்து, ஊருக்குள் கொட்டியது. புருல் பையிலிருந்த மரக்கட்டையை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். வெளிச்சம் கட்டையைச் சூழ்ந்துகொண்டது.

“இது என்ன?” என்றார் துணை அமைச்சர்.

“இதுதான் நிலம். இவ்வளவு நேரம் நீங்க பார்த்தது கம்பளமும் தொப்பியும்.”

“அப்ப விடுதி?”

“அங்க ஒரு சொட்டுச் சேறு போகாது.”

அவர் முகத்தில் நிம்மதி பரவியது. நிம்மதி பரவியதும் பசியும் வந்தது போலும், கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த அறையில் விருந்துக்கு வெந்த ஆட்டுத்தலையில் ஆவி பறந்துகொண்டிருக்க வேண்டும். “நல்லது. அப்ப இங்க ஆபத்து ஒண்ணும் இல்லை.”

கட்டையைச் சுற்றிப் பழுப்பு வெளிச்சம் அப்படியே நின்றது. புருல் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இந்த மனிதரை அந்தக் கட்டையைப் பார்க்கவைக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. சுவரைக் கைவிடவும் அவளால் முடியாது. தன் வாயிலிருந்து வந்ததை அவளே வெறுத்தாள்.

“ஆபத்து இருக்கு. விடுதிக்குப் போற ரோடு.”

கடிகாரத்திலிருந்து கண் திரும்பியது. “எந்த ரோடு?”

“ஒரே ரோடுதான். இதோ. சேறு கடைசியா இங்க வந்துதான் நிக்குது. ரோடு போச்சுன்னா கோடை முழுக்க ஒரு விருந்தாளிகூட மேல ஏற முடியாது.”

துணை அமைச்சர் சப்பானின் கையை மடித்துவிட்டார். “சுவர் எப்படி வைக்கிறது?”

அவள் சிவப்புக் கம்பளித் துண்டை நீட்டினாள். அவர் அதை ரோட்டோரத்தில் வைத்தார். கருவி சிமிட்டியது, சேறு சுவருக்குப் பின்னால் நிரம்பி, மேலேறி, ரோட்டில் வழிந்தது. “அடச்சே!” என்றார். கொஞ்சம் மேலே நகர்த்தினார். அங்கே மரக்கட்டை இடைஞ்சலாக இருந்தது. “இது எதுக்கு நடுவுல?” என்று அதை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் துண்டை அந்த இடத்தில் வைத்தார். மறுபடி வழிந்தது. புருல் கட்டையை எடுத்து அதே இடத்தில் திரும்ப வைத்தாள். அவர் கவனிக்கவில்லை. நாக்கை உதட்டில் துருத்திக்கொண்டு, மணலில் முழங்கைவரை இறங்கி, அவர் முழுமனதோடு விளையாடிக்கொண்டிருந்தார். கல்மூரத் இரண்டு கையிலும் கல்பாக்கை ஏந்திக்கொண்டு, “அருமை, அருமை” என்று ஒவ்வொரு தோல்விக்கும் சொன்னார்.

துண்டு மேலே, இன்னும் மேலே போய், டெக்கே-சாயின் வாயில் உட்கார்ந்தது. பழுப்பு வெளிச்சம் அங்கே வந்து முட்டி, விரிந்து, அடங்கியது. கீழே ஊர், கட்டை, ரோடு எல்லாம் உலர்ந்து கிடந்தன.

“பார்த்தீங்களா!” துணை அமைச்சர் நிமிர்ந்தார். “இங்கதான் கட்டணும். இதைக் கண்டுபிடிக்க பிஷ்கெக்லேர்ந்து நான் வரணுமா?”

“உங்க கண்ணுக்குத்தான் அது படும்,” என்றார் கல்மூரத்.

போன வருடமே அதே இடத்தைக் குறித்துப் புருல் அனுப்பிய வரைபடம் கல்மூரத்தின் மேசையில் தேநீர்க் குவளைக்கு அடியில் கிடந்தது. அவள் கைவிரல்களை மட்டும் மணலுக்குள் அழுத்திக்கொண்டாள், மேசை ஓரத்தில், ஊர் இல்லாத இடமாகப் பார்த்து. அன்றைக்கே உத்தரவு ஆனது: ‘விடுதிச் சாலைப் பாதுகாப்புச் சுவர்’, டெக்கே-சாயின் வாயில்.

விருந்து முடிந்து கார்கள் போனதும் கல்மூரத் திரும்பி வந்தார். ஆட்டுக்கொழுப்பும் வெற்றியும் முகத்தில் மின்னின.

“நாளைக்குத் தொலைக்காட்சிக்காரங்க வர்றாங்க. கம்பளத்தைத் தட்டி மறுபடி போர்த்து. அமைச்சர் இடம் கண்டுபிடிச்சதைப் படம் எடுக்கணும். கம்பளத்தைக் கிழிச்சதுக்கு நீ மன்னிப்பும் கேட்கணும், கேமரா முன்னாடி வேணாம், பெண்கள் சங்கத்துல.”

“சங்கத்துல கேட்கிறேன். அவங்க உழைப்பு அது, அவங்க தப்பு இல்லை.” புருல் நாற்காலியில் ஏறி, கருவியைக் கழற்றிக் கீழே இறக்கினாள். “ஆனா இது மணலை மட்டும்தான் பார்க்கும். கம்பளத்தைப் பார்க்க உங்க கண்ணே போதும்.”

“கருவி இல்லாம எப்படிப் படம் எடுக்கிறது?”

“லேசரை நிறுத்திக்குங்க. அது பெருசு.”

அவர் யோசித்தார். யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது என்பதுதான் புருலுக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

வெளியே வந்து ஜிபரை அழைத்தாள்.

“சுவர் வருது. ஓடை வாயிலயே.”

மறுமுனையில் ஒரு கூச்சல். பின்னால் யாருக்கோ சொல்லும் சத்தம், நாற்காலி விழும் சத்தம். பிறகு ஜிபர் கேட்டாள்: “அப்புறம் ஏன் எஜே உன் குரல் இப்படி இருக்கு? ஜெயிச்சுட்டேல்ல?”

“ஜெயிக்கல. ஏமாத்தினேன். ரோடுன்னு சொல்லி வாங்கினேன்.”

“எந்தப் பேர்ல வந்தா என்ன? சேறு பேரைப் படிச்சுட்டா நிக்கப் போகுது?”

“எனக்குத் தெரியும்டி.”

“அப்புறம்?”

புருல் கோட்டுப் பையில் கை விட்டாள். மரக்கட்டை மறுபடி அங்கே இருந்தது, மணல் ஒட்டிக்கொண்டு.

“காலையிலேர்ந்து விடுதின்னாங்க, ரோடுன்னாங்க, தொப்பியைக் கீழ வைக்காதேன்னாங்க. பள்ளிக்கூடம்னு ஒருத்தன் சொல்லலடி. ஒரு தடவைகூட.”